ரோமாபுரி அக்கா

ரோமர்களின் வரலாறு முழுவதையும் நான் மீன் வெட்டிக்கொண்டுதான் படித்தேன். பாரிஸில், லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் மீன் வெட்டுவது என் வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரிசை வாசல்வரை நிற்கும். அந்த வரிசையில் அக்கா நின்றால் எனக்கு நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிடும். ஆள் கட்டை, குரல் நெட்டை. கோட்டுக்குக் கீழே வேலையிடத்து நீலச் சட்டை எட்டிப் பார்க்கும். முறை வந்ததும் அறக்குளா மீனைக் காட்டி, "நடுத்துண்டு தாரும் தம்பி. தலை வேண்டாம். தலையள் வேலையிடத்திலை நிறையக் கிடக்கு, அது எனக்குக் காணும்" என்பார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. தெருவில் முகத்துக்கு முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் ரோமாபுரி அக்கா. பின்னால் சொல்வது அவர் காதிலும் விழுந்திருந்தது. "மீசைக்காரி எண்டு வைக்காமல் விட்டாங்களே, அதுவே பெரிய காரியம்" என்று சிரிப்பார்.

பாரிஸின் ஒரு அருங்காட்சியகத்தில் அவருக்கு விடியற்காலைத் துப்புரவு வேலை. ஒதுக்கிக் கொடுத்தது ரோமர்களின் மண்டபம். வரிசையாகச் சலவைக்கல் தலைகள். அவற்றைத் தொடக்கூடாது, அதற்குப் படித்த ஆட்கள் வேறே வருவார்கள். நிலத்தைத் துடைப்பதும் கண்ணாடியை மினுக்குவதும் அக்காவின் பாடு. ஒரே முகங்களை நாள்தோறும் பார்த்தால் யாருக்கும் இவர்கள் ஆர் எவர் என்று விசாரிக்கத் தோன்றும்தானே. அந்த நேரம் பார்த்து அவருடைய மகள் ஆறாம் வகுப்பில் ரோமர் வரலாறு படித்தாள். மகள் மேசையில் இருந்து சத்தமாகப் படிக்க, அக்கா பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி கேட்டிருக்கிறார். பரீட்சை முடிந்ததும் மகள் மறந்துவிட்டாள். அக்கா பிடித்துக்கொண்டார். பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெத்ரோ ரயிலில் படிப்பார். முற்றுகை, போர்நிறுத்தம், ஆளுநர் எல்லாவற்றுக்கும் அவரிடம் பிரெஞ்சுச் சொல் இருந்தது. பல்வலிக்கு மருந்து வாங்கப் போனால் கன்னத்தைப் பிடித்துக் காட்டுவார்.

அவர் கதை சொன்னால் ஏதோ பக்கத்து ஒழுங்கையில் நடந்த சங்கதி மாதிரி இருக்கும்.

"உவன் சீசர் ஆள் வலு கெட்டிக்காரன். ஆனால் வீட்டிலை மனுசி சொன்னதைக் கேட்டிருக்கலாம். கெட்ட கனவு கண்டனான், இண்டைக்குச் சபைக்குப் போகாதையுங்கோ எண்டு அவள் மண்டாடினவள். போனான். இருபத்திமூண்டு குத்து."

"பேந்து?" என்று வரிசையில் நிற்கும் யாராவது கேட்டுவிடுவார்கள்.

"பேந்தென்ன, குத்தினவங்களுக்கு அடுத்த நாள் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. ஆளைக் கொல்லுறதுக்குத் திட்டம் போட்டவங்கள், நாட்டை நடத்துறதுக்கு ஒரு திட்டமும் போடேல்லை."

பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "அக்கா, மீனை வாங்கிக்கொண்டு அங்காலை நிண்டு அரசாங்கத்தைக் கவிழ்த்துங்கோ" என்று ஒருமுறை ஒருவர் சத்தமாகவே சொன்னார். அக்கா அவருக்கு வழிவிட்டு நின்று, அங்காலேயே நின்று, கவிழ்த்து முடித்துவிட்டுத்தான் போனார்.

ரோமைத் தன்னோடு மட்டும் வைத்திருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்கும் பிரயோகம் பண்ணுவார். எங்கள் முதலாளி மூன்றாவது கடை திறந்த அன்று பொன்னாடை, மாலை, மேளம் என்று தெருவே அமர்க்களப்பட்டது. படம் எடுக்கும் நேரம் அக்கா மெல்லப் போய் முதலாளிக்குப் பின்னால் நின்று அவர் காதில் ஏதோ சொன்னார். முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு நான் கேட்டேன்.

"நீங்களும் ஒருநாள் சாகிற ஆள்தான், மறந்திடாதையுங்கோ எண்டு சொன்னனான்" என்றார். "சண்டையிலை வெண்டு ஊர்வலம் வாற தளபதிக்குப் பின்னாலை ஒரு அடிமை நிண்டு அப்பிடிச் சொல்லிக்கொண்டு வாறது ரோமிலை முறை. இஞ்சை அதுக்கு ஒருத்தரும் நிக்கேல்லை. அதுதான் நான் நிண்டனான்."

முதலாளி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த விழாவானாலும் அக்காவுக்கு முன்வரிசையில் கண்ணுக்கு முன்னால் கதிரை போடச் சொல்லிவிடுவார்.

பழைய மாணவர் சங்கத் தலைவர் ஒருவர் இருந்தார். பதினாறு வருடமாக அவர்தான் தலைவர். ஆண்டுக்கூட்டத்தில் அவர் "உங்கள் வற்புறுத்தலுக்காக" மறுபடியும் இருக்க இணங்கியபோது அக்கா எழும்பினார். நாடு ஆபத்தில் இருந்த நேரம் ரோமர்கள் வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்து முழு அதிகாரத்தையும் கையில் கொடுத்தார்களாம். அவர் படையைத் திரட்டி, சண்டையில் வென்று, பதினாறாம் நாள் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உழப் போய்விட்டாராம். "அவருக்குப் பதினாறு நாள் காணுமாய் இருந்தது அண்ணை" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி கதிரையில் இருந்துவிட்டார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் அடுத்த வருடமும் தலைவராகத்தான் இருந்தார். அது வேறு கதை.

இவ்வளவையும் வைத்து அவரை ஒரு பகிடிக்காரி என்று நினைத்தால் அது பிழை. நானும் அப்படித்தான் சில வருடம் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் ஊரில் போர் தோல்வியில் முடிந்த பிறகு எங்கள் தெரு கதைப்பதை நிறுத்திக்கொண்டது. கடைகளில் தொலைக்காட்சி ஓடும், யாரும் பார்க்கமாட்டார்கள். மீன் கேட்பவர்கள் விரலால் காட்டினார்கள். அக்காவும் வருவார், வாங்குவார், போவார். ரோம் இல்லை. அந்த வெயில்காலத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் பாரை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமலே அக்கா தொடங்கினார்.

"கன்னே எண்டு ஒரு இடம். ரோமர் அதுவரைக்கும் திரட்டாத பெரிய படையைத் திரட்டிக்கொண்டு போனவை. அங்காலை எதிரித் தளபதி அனிபால், அவனிட்டை ஆக்கள் குறைவு. ஆனால் நாலு பக்கத்தாலையும் வளைச்சுப்போட்டான். பின்னேரத்துக்கிடையிலை எல்லாம் முடிஞ்சுது. ரோமிலை ஆள் சாகாத வீடு இல்லை."

நான் சுரண்டுவதை நிறுத்தினேன்.

"ரோமரின்ரை ரெண்டு தளபதியளிலை ஒருத்தன் செத்திட்டான். மற்றவன் மிஞ்சின ஆக்களைச் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வாறான். அவன்ரை அவசரபுத்தியாலைதான் தோத்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். வேறை நாடு எண்டால் வாசலிலையே கழுவிலை ஏத்தியிருப்பாங்கள். ரோமிலை சனம் என்ன செய்தது தெரியுமோ? பெரியவை சிறியவை எல்லாரும் வாசலுக்கு வந்து நிண்டு, நம்பிக்கையைக் கைவிடாமல் திரும்பி வந்ததுக்கு நன்றி எண்டு சொன்னவை. தோத்துப்போய் வந்தவனுக்கு."

மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயது மனிதர், மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு முதல் முறையாக அக்காவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வருடம் முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாரிஸுக்கு வரத் தொடங்கினார்கள். புதிதாக ஒருவர் வந்தால் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். பழம், பிஸ்கட் பெட்டி, குளிருக்கு ஒரு சட்டை கொண்டு போவோம். நல்ல வழக்கம்தான். ஆனால் தேத்தண்ணி ஆறுவதற்குள் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுவார்: "அவ்வளவு சனம் செத்த இடத்திலை நீ எப்பிடியப்பா தப்பினனி?" கேட்பவர் குரலில் அக்கறை இருக்கும். அதற்கடியில் ஒரு தூண்டிலும் இருக்கும். யாரைக் காட்டிக்கொடுத்தாய், யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று இழுக்கிற தூண்டில். வந்தவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா வீடுகளுக்குப் போகமாட்டார். யாராவது வருகிறார் என்று கேள்விப்பட்டால் வேலை முடிந்து நேரே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போவார், நீலச் சட்டையோடேயே. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் கையைப் பிடித்து, "வந்ததுக்கு நன்றி பிள்ளை" என்பார். அவ்வளவுதான். ஒரு கேள்வி கிடையாது. அவர்களாக ஏதும் சொன்னால் நின்று கேட்பார், சொல்லாவிட்டால் தன் பாட்டில் மெத்ரோவுக்கு இறங்கிவிடுவார். எனக்கு அது கொஞ்சம் நாடகமாகப் பட்டது. வருகிறவனுக்கு வேண்டியது வேலையும் விசாவும், இவருடைய நன்றியை வைத்து என்ன செய்வது என்று மனைவியிடம் நக்கலடித்தும் இருக்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் என் தம்பி வந்தான்.

நாங்கள் இரண்டு பேர்தான். தொண்ணூற்றெட்டில் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன், அம்மாவோடு அவன் நின்றான். யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும். அம்மாவைக் கடைசிவரை பார்த்து, கொள்ளிவைத்தவனும் அவன்தான். அப்போது என்னிடம் விசா இல்லை. அதற்குப் பிறகு போருக்குள் அகப்பட்டு, முகாமில் கிடந்து, நாலு நாடு சுற்றி, ஒரு பையோடு ரயிலால் இறங்கினான். நான் கட்டிப்பிடித்து அழுதேன். அக்காவும் வந்திருந்தார். அவன் கையைப் பிடித்துத் தன் வசனத்தைச் சொன்னார். தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அக்கா" என்றான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பாரிஸின் புறநகரான ஸ்தேனில் என் வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சிக் கறி, பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் அவனைச் சுற்றி இருந்தார்கள். அவன் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கியிருந்தான். பதுங்குகுழியைப் பற்றி ஏதோ சொன்னான், அதற்குள் தன்னோடு சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள் என்றான், பிறகு மற்ற ஆறு பேரும் இல்லை என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆட்களுக்கு முன்னால் என் தம்பியின் கதையை நானே எடுத்துக் கொடுக்கவேண்டும் என்ற நினைப்பில் நான்தான் கேட்டேன்.

"ஏழு பேரிலை மற்ற எல்லாரும் போயிட்டினம் எண்டுறாய். நீ மட்டும் எப்பிடி வந்தனி?"

தம்பி என்னைப் பார்த்தான். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கையைக் கழுவினான். அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது அவன் பை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்து ஊரான சென் தெனியில் யாரோ மூன்று பேரோடு அறையில் இருக்கிறான் என்று ஒரு கிழமையில் தெரியவந்தது. தொலைபேசி எடுத்தால் எடுக்கமாட்டான். ஆறு மாதம் அப்படியே போயிற்று. எனக்கு உலகத்தில் உடன்பிறப்பு என்று அவன் ஒருவன்தான். அவனை இழந்துவிட்டேனோ என்ற பயத்தைக் கோபமாக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்டுவிட்டேன் அப்படி, அண்ணன் கேட்கக் கூடாதா என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை இல்லாத நாள், அக்கா வந்தார். விருந்தில் நான் கேட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"கன்னேயைப் பற்றி உமக்குப் பாதிதான் சொன்னனான் தம்பி" என்றார். "மற்றப் பாதி சொல்ல எனக்கு வெக்கம். தளபதிக்கு நன்றி சொன்னவை. ஆனால் அவனோடை தப்பி வந்த சிப்பாய்மாரை என்ன செய்தவை தெரியுமோ? ஏன் நீங்கள் சாகேல்லை எண்டு கேட்டு, சிசிலித் தீவுக்கு அனுப்பிப்போட்டினம். சண்டை முடியுமட்டும் ஊர்ப்பக்கம் வரக்கூடாது எண்டு கட்டளை. வருசக்கணக்காய்க் கிடந்தவங்கள். கடைசியிலை அனிபாலை வெண்ட படையிலையும் அவங்கள்தான் நிண்டவங்கள்."

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

"அந்தக் கேள்வியைக் கேட்டவை ஆர் எண்டு நினைக்கிறீர்? அண்டைக்கு அந்தச் சண்டை வெளியிலை நிக்காதவை. மதிலுக்குள்ளை இருந்த செனட்காரர்."

"அப்ப நான் செனட்காரனோ?"

"ஓம். தொண்ணூற்றெட்டிலை இருந்து."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கத்தியைப் பலகையில் போட்டேன். "உங்கடை ரோமரையும் கொண்டு போங்கோ அக்கா. அவை செத்து ரெண்டாயிரம் வருசம்" என்றேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கோபப்படவில்லை. "ஓம் தம்பி, அவை செத்திட்டினம்" என்றார். "உம்மடை தம்பி உயிரோடை இருக்கிறான்."

மீன் வாங்காமல் போய்விட்டார்.

மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை. நாலாவது சனிக்கிழமை வந்து நடுத்துண்டு கேட்டபோது, சென் தெனிக்கு என்னோடு வருகிறீர்களா என்று மெல்லக் கேட்டேன். மாட்டேன் என்றார். "நான் வந்தால் அது தூது. ரோமர் தூது விட்டுத் தீர்ந்த பிரச்சினை குறைவு. நீர் தனியப் போம்."

அந்த அக்கா இப்போது லா சப்பலில் இல்லை. மகளுக்கு லியோனில் வேலை கிடைக்க அவரும் கூடப் போய்விட்டார். அங்கே தோண்டின இடமெல்லாம் ரோமர்களாம், மனுசி சந்தோசமாக இருக்கிறார் என்று கேள்வி. அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். மண்டபம் பளபளவென்று இருந்தது. வேறு யாரோ நன்றாகத் துடைக்கிறார்கள். வரிசையாகப் பேரரசர்கள், தளபதிகள், அவர்களுடைய மனைவிமார். அக்கா சொல்லாமல் எனக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. சிசிலியில் கிடந்தவர்களில் ஒருவனுக்காவது அங்கே தலை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எங்கள் தெருவில் எத்தனையோ கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும், கடை வைத்தவர்கள், மேடையில் முழங்கியவர்கள். அக்காவைப் போல ஒருவரை நான் காணவில்லை. வாழ்க்கை முழுவதும் வென்றவர்களின் காலடியைத் துடைத்தவர், வென்றவர்கள் பக்கம் ஒருநாளும் சாய்ந்தவரில்லை.

சென் தெனிக்குப் போன கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சந்தை கலைந்துகொண்டிருந்த நேரம். ஈரத் தெருவில் முட்டைக்கோவா இலைகள் மிதிபட்டுக் கிடந்தன. மூன்றாம் மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஏறும்போது சொல்லவேண்டியதைப் படிக்குப் படி பாடமாக்கிக்கொண்டு போனேன். கதவைத் தம்பியே திறந்தான். மெலிந்திருந்தான். பாடமாக்கியது ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் அண்டைக்குக் கேட்டது பிழையடா" என்றேன்.

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு கதைத்தபோது அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்ணை, நீங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மாவும் நானும் பஸ் ஏத்திவிட வந்தனாங்கள். அதுக்குப் பிறகு அம்மா எத்தினை வருசம் இருந்தவ. எங்களை விட்டிட்டு அவன் ஏன் தப்பிப் போனவன் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. உங்கடை கடிதம் வாற நேரமெல்லாம், அவன் உயிரோடை இருக்கிறான், அது காணும் எண்டுதான் சொல்லுறவ."

அந்த வாசலைத் தாண்டி என்னால் உள்ளே போக முடியவில்லை. தம்பிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.